கறுப்புத் துணி வேலி

மழைத்தண்ணீருக்கும் அனுமதி வேண்டும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சிட்னியில் அதுதான் சட்டம். குவேக்கர்ஸ் ஹில்லில் நாங்கள் அத்திவாரம் வெட்டிய காணிக்குக் கவுன்சில் போட்ட நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. பள்ளப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் துணி வேலி நிற்க வேண்டும். மண் அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் கசிந்து ஓடைக்குப் போகும்.

எங்கள் முதலாளியும் தமிழர்தான். "சாப்பிட்டியோ இல்லையோ, வந்தவுடன அந்த வேலியைப் பார். அது விழுந்தா வேலையை நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்று விடிந்தால் பொழுதுபட்டால் ஓதுவார். உந்தத் துணிக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை என்று மனதுக்குள் திட்டுவேன். துணிக்காவது அனுமதி இருந்தது. 2013 அது. படகில் வந்த எனக்கு விசா இருந்தது, வேலை செய்யும் உரிமை இல்லை. பிடிபட்டால் மறுபடி தடுப்பு முகாம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கூட நின்ற மன்னார்க்காரருக்கும் அதே கதி.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முதலாளி சாமான் எடுக்கப் போயிருந்தார். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. மஞ்சள் மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் இறங்கினாள்.

"ஐயோ, இமிகிரேஷன்!" என்றார் மன்னார்க்காரர்.

அவ்வளவுதான், இருவரும் பின்பக்கமாகப் பாய்ந்தோம். அவருடைய சப்பாத்து வேலியில் கொழுவ, தடிகளோடு துணி பிடுங்கிக்கொண்டு சரிந்தது. அதை மிதித்துக்கொண்டு நான் ஓடினேன். ஓடைக்கரைப் பற்றைக்குள் போய்க் குந்தினோம்.

அவள் எங்களைத் துரத்தவே இல்லை. நேரே வேலியடிக்குப் போனாள். கவுன்சில்காரி! மழை நாளில் வேலி நிற்கிறதா என்று பார்க்க வந்தவள். எங்கள் கண்ணுக்கு முன்னால் சேறு குழம்பாக ஓடைக்குள் இறங்கியது. அவள் குனிந்து தடியை நிமிர்த்தினாள். ஒரு பக்கம் நிற்க மற்றப் பக்கம் விழுந்தது. ஒரு சுத்தியல் இருந்தால் கொஞ்ச நேர வேலை. எனக்குக் கை துடித்தது.

நாங்கள் ஓடியதை அவள் கண்டிருக்க வேண்டும். பற்றைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். வெளியே வாருங்கள், உங்களை ஒன்றும் செய்யமாட்டேன், இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றாள். அந்தளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்.

"பாவம், தனிய நிண்டு மாயுது. போவமோ?" என்றார் மன்னார்க்காரர்.

அவருடைய கையை இறுக்கிப் பிடித்தேன். அவள் நனைந்து நனைந்து பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் முதலாளி வந்து குதித்தார். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நாளையிலிருந்து நாங்கள் வரவேண்டாம்.

"அவள் போனில எல்லாம் சொன்னவள். ஒண்டும் செய்யமாட்டன், வாங்கோ எண்டு கூப்பிட்டவளாம். ஒருக்கா வந்து பிடிச்சிருந்தா முடிஞ்சுதே! என்னத்துக்கடா பயந்தனி?"

போரின் கடைசிக் கிழமையில், ஒன்றும் செய்யமாட்டோம் வாருங்கள் என்று ஆமிக்காரர் கூப்பிட்டதை நம்பித்தான் என் அண்ணன் பதுங்குகுழியை விட்டு எழும்பிப் போனவன். அம்மா இன்னும் அவனுடைய படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைகிறா.