சத்தம் போடாத பிரேக்

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. பட்டறைச் சத்தத்தோட மல்லுக்கட்டியே என் தொண்டை பாதி போயிட்டுது. மோட்டார் வேலையைப் பத்தி ஒண்ணு சொல்லுதேன். ஓடாத வண்டியை மாட்டைக் கட்டி இழுத்துட்டு வருவாங்க. நிக்காத வண்டி தானாவே வரும், பட்டறைச் சுவர் வரைக்கும். வண்டி வச்சு அல்லல்பட்டவங்களுக்கும், அடுத்தவன் வண்டியிலே ஏறி உயிரைக் கையிலே பிடிச்சவங்களுக்கும் நான் சொல்லுதது புரியும். எனக்குப் படிப்பு மூணாம் வகுப்பு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிச்சுக்கிட்டிருந்த கொல்லன். மோட்டார் எனக்குப் புதுசு. ஆனா காது நல்ல காது.

சுவரோட நின்ன கார்

ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்ச காலம் முந்தி. ஆத்துக்குத் தென்கரையிலே ஒரு மிட்டாதார், சின்ன ஜமீன்னு வச்சுக்கிடுங்க, அவருக்கு ஒரே மகன். ஊரே அவரைச் சின்னையான்னு கூப்பிடும். அவர் ஒரு கார் வாங்கி, ஆறே மாசத்திலே கோழியை உரிக்குத மாதிரி உரிச்சுட்டார். பின் ஆசனம், கதவு, கூண்டு, மட்கார்டு எல்லாம் தொழுவத்துக்குப் போயாச்சு. கையாலே இழுக்குத பிரேக் ஒண்ணு இருந்தது. அதுவும் பாரம்னு கழட்டியாச்சு. மிச்சம் எஞ்சின், நாலு சக்கரம், உக்கார ஒரு பலகை.

எல்லாம் பந்தயத்துக்கு. பாபநாசம் மலையிலே காப்பித் தோட்டம் வச்சிருந்த ஒரு துரையோட வாய்ப்பேச்சு முத்திப் பந்தயமாயிட்டுது. சித்திரையிலே வத்திக் கெடந்த குளத்துக்குள்ளே சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வட்டம், மூணு சுத்து. மகன் ஓட்டக் கூடாதுன்னு பெரியவர் சொல்லிட்டதாலே, டிரைவர் சுடலைமுத்துதான் ஓட்டணும். வட்டத்திலே ஒரு வளைவு மடைக்கு நேர் எதிரே. மடைன்னா கருங்கல். அங்கன வேகம் குறையலைன்னா வண்டிக்கும் சுடலைக்கும் அந்தக் கல்லுதான் முடிவு.

அவன் காரை என்கிட்ட கொண்டாந்த அன்னைக்கு, வாசல்லே திரும்பி, கரி மூட்டை ரெண்டைச் சாய்ச்சு, சுவரிலே முட்டித்தான் நின்னான். "ஏலே, பிரேக்கைப் பிடிக்கக் கூடாதா?"ன்னு கத்தினேன். அவன் நிதானமா இறங்கித் துண்டை உதறிட்டுச் சொன்னான்: "பிடிச்சதாலேதான் அண்ணாச்சி சுவரோட நின்னுது. இல்லைன்னா உங்க அடுப்படிக்குல்லா வந்திருப்பேன்."

குறை காலிலேயா

பிரேக் ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. எஞ்சினுக்குப் பின்னாலே ஒரு உருளை சுத்தும். மிதியை அமுக்கினா ஒரு இரும்புப் பட்டை அந்த உருளையைச் சுத்தி இறுக்கும். பட்டைக்கு உள்பக்கம் ஒட்டக முடியிலே நெய்த வார் ஒண்ணு தச்சிருக்கும். உருளையைக் கவ்வுதது அந்த வார்தான். உருளை நின்னா அதோட சேர்ந்த பின் சக்கரமும் நிக்கும். நான் இழுப்புக் கம்பி தொய்ஞ்சு போச்சோன்னு நினைச்சு ரெண்டு திருகு இறுக்கினேன். ஒரு மாத்தமும் இல்லை. கைப் பிரேக்கைத் திரும்ப மாட்டுங்கன்னேன். சின்னையா கேக்கலை.

"ஆசாரி, வண்டியிலே ஒரு குறையும் கிடையாது. சுடலைக்குக் காலிலே பெலன் இல்லை"ன்னு சொல்லி அவரே ஏறினார். களத்திலே ஓட்டி வந்து, ரெண்டு காலையும் மிதி மேலே வச்சு, பலகையிலே முதுகைக் குடுத்து, கழுத்து நரம்பு புடைக்க அமுக்கினார். கார் அவசரமே இல்லாம, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி, பையப் போய் வைக்கோல் படப்புக்குள்ளே நுழைஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் வெளியே வந்தார். மீசையிலே வைக்கோல். "சுடலை காலைப் பத்திச் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன், ஆசாரி."

காரியஸ்தர் ஏறின கதை

அடுத்த தப்பு என்னோடது. பிரேக் பிடிக்குதது பின் சக்கரத்தை. பின்னாலே இருந்ததை எல்லாம் உரிச்சாச்சு, சக்கரத்தைத் தரையிலே அழுத்தப் பாரம் இல்லை, அதான் சக்கரம் நின்னாலும் வண்டி வழுக்கிக்கிட்டுப் போவுதுன்னு நினைச்சேன். மணல் மூட்டை ரெண்டு கட்டுவோம்னேன். சின்னையா மூட்டை எதுக்கு, நம்ம காரியஸ்தர் இருக்காருல்லான்னுட்டார். காரியஸ்தர் மூணு மூட்டைக்குச் சமானம். பின்னாலே ஒரு பெட்டியைக் கட்டி, அவரை அது மேலே உக்கார வச்சு, பிடிச்சுக்கிடக் கையிலே கயித்தைக் குடுத்தோம். வெயிலுக்குக் குடையை விரிச்சுக்கிட்டார்.

குளத்திலே நிக்க வேண்டிய கோட்டுக்கிட்ட வந்ததும் சுடலை மிதிச்சான். கார் கோட்டைத் தாண்டி, எருமை புரளுத சகதி வரைக்கும் போய்த்தான் நின்னுது. காரியஸ்தர் முழங்கால் வரை சேத்திலே. குடை மட்டும் மடங்கலை. நான் அவரைத் தூக்கப் போகாம, வந்த தடத்தைப் பார்க்கப் போனேன். சக்கரம் நின்னு வழுக்கியிருந்தா மண்ணு வழிச்சு விட்டாப்ல இழுபட்டிருக்கணும். இங்கன டயர் வரி ஒண்ணு விடாம அச்சுக் குத்தின மாதிரி பதிஞ்சிருந்தது. அப்போ சக்கரம் நிக்கவே இல்லை, கடைசி வரை உருண்டிருக்கு. குறை பாரத்திலே இல்லை, பட்டையிலேதான். ரொம்பச் சந்தோசமா இதை அவர்கிட்ட சொன்னேன். அவர் செருப்பைச் சேத்துக்குள்ளே தேடிக்கிட்டே சொன்னார்: "உமக்கு விளங்கிட்டுல்லா? அடுத்த தடவை விளங்காம போச்சுன்னா உம்ம மச்சானை ஏத்தும் வே."

காது சொன்னது

பட்டையைக் கழட்டப் பட்டறைக்குத்தான் போவணும். சுடலை காரைத் தள்ள ஆள் கூப்பிடப் போயிருந்தான். நான் குளத்துக் கரையிலே உக்காந்திருந்தேன். செங்கல் பாரம் ஏத்தின மாட்டு வண்டி ஒண்ணு கரைச் சரிவிலே இறங்குச்சு. வண்டிக்காரன் சக்கரத்திலே கட்டையை அழுத்தினான். கிறீச்சுன்னு ஒரு சத்தம், பல்லு கூசிப் போச்சு. எனக்குச் சுருக்குன்னுது. மூணு நாளா இந்தக் காரோட மல்லுக்கட்டுதேன். பிரேக் மிதிச்சப்போ ஒரு தடவை கூட அது முனகினதே இல்லையே. ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சா ஒரு முனகலாவது வேண்டாமா?

பட்டறைக்கு வந்து பட்டையைப் பிரிச்சு, வாரிலே விரலை வச்சேன். வழுவழுன்னு ஓடிச்சு. பக்கத்துக் கியர்ப் பெட்டியிலே இருந்து மசகு எண்ணெய் கசிஞ்சிருந்தா கறுப்பா, கருகின வாடையா இருக்கும். இது கெட்டியா, தெளிவா இருந்தது. மோந்து பார்த்தேன். அசல் விளக்கெண்ணெய். "ஏலே சுடலை, இதிலே எண்ணெய் விட்டது யாரு?"ன்னேன். அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "நான்தான். தினம் காலையிலே ஒரு கரண்டி"ன்னான். மோட்டாருக்கு முந்தி இருபது வருசம் அந்த வீட்டு வில்வண்டியை ஓட்டினவன் அவன். அந்த இருபது வருசமும் அச்சு ஒரு நாள் கூடக் கிறீச்சிட்டது கிடையாது. நான் அவனை ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கிட்டான்: "பெரிய வீட்டு வண்டி தெருவெல்லாம் கத்திக்கிட்டுப் போனா, வண்டியை யாரு அண்ணாச்சி ஏசுவா? ஓட்டுதவனைத்தானே ஏசுவாக?"

பேச்சியம்மா கை

நோய் தெரிஞ்சுது, மருந்து இல்லை. புது வார் மெட்ராஸ்லே இருந்து வரணும். பந்தயம் சனிக்கிழமை, அன்னைக்குப் புதன். செருப்புத் தோலை வெட்டி வச்சுப் பார்த்தேன். நாலு மிதியிலே கருகிட்டுது. பழைய வாரை மண்ணெண்ணெயிலே அலசினேன். மேலே காஞ்சுது, உருளை சூடானதும் உள்ளே ஊறிக் கெடந்த எண்ணெய் திரும்பக் கசிஞ்சுது. பந்தயத்தைத் தள்ளி வையுங்கன்னு சின்னையாகிட்ட கெஞ்சினேன். துரைக்குச் சொன்ன நாளை மாத்த மாட்டேன்னுட்டார்.

சுடலைக்குச் சோறு கொண்டாந்த அவன் பொஞ்சாதி பேச்சியம்மா இதை எல்லாம் கேட்டுக்கிட்டு நின்னா. வாரைத் தொட்டு, "இது என்னத்திலே செஞ்சது?"ன்னா. ஒட்டக முடின்னேன். "முடிதானா?"ன்னு கேட்டா, சோத்துச் சட்டியோட அதையும் இடுப்பிலே இடுக்கிக்கிட்டுப் போயிட்டா. சுடச்சுட வெந்நீர், வடிச்ச கஞ்சி, அரைச்ச சீயக்காய். ரெண்டு நாளிலே மூணு தடவை கல்லிலே போட்டுத் தேச்சு, ஓட்டு மேலே காய வச்சிருக்கா. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டாந்து குடுத்தப்போ எனக்கு அடையாளம் தெரியலை. கறுப்புன்னு நினைச்சிருந்த வார் கோதுமை நிறத்திலே இருந்தது. விரலை வச்சா வழுக்கலை, பிடிச்சுது. லேசாச் சாம்பிராணி வாசம் வேற. எப்படித் தாயி போச்சுன்னு கேட்டேன். "மூணு பொட்டப் புள்ளைகளுக்குத் தலை தேச்சு விடுதவ நான், அண்ணாச்சி. இந்த எண்ணெயா என்கிட்ட நிக்கும்?"

ஒரே ஒரு சொட்டு

அன்னைக்குச் சாயந்திரமே மாட்டி, குளத்திலே ஓட்டிப் பார்த்தோம். சுடலை மிதிச்சான். கார் கோட்டு மேலேயே நின்னுது. நின்ன கையோட ஒரு கூச்சல் போட்டுது பாருங்க, சகதியிலே படுத்திருந்த எருமை எல்லாம் எந்திரிச்சு ஓடிச்சு. என் காதுக்கு அது நாதசுரம். சுடலை தலையைத் தொங்கப் போட்டுட்டான். சின்னையா முகமும் சுண்டிப் போச்சு. "துரை முன்னாலே இப்படிக் கத்தினா என் மானம் என்ன ஆவுது? சுடலை, நாளைக்கு ஒரே ஒரு சொட்டு விட்டிரு"ன்னார். வேண்டாம்யான்னு நான் எத்தனையோ சொன்னேன். ஒரு சொட்டு என்ன ஓய் செய்யும்னுட்டார்.

மறுநாள் கரை கொள்ளாத சனம். துரை கார் கோட்டிலே உறுமிக்கிட்டு நிக்குது. சின்னையா கண்ணைக் காட்டினார். சுடலை பலகைக்கு அடியிலே இருந்து எண்ணெய்ச் செம்பை எடுத்தான். பேச்சியம்மா பக்கத்திலே வந்து, பணிவா அதை வாங்கினா. செம்பு நிறைய இருந்த எண்ணெயை அப்படியே புருசன் தலையிலே கவுத்தினா. பரபரன்னு தேச்சா. கண்ணிலே வடியாம இருக்க அவன் துண்டாலேயே இறுக்கித் தலப்பா கட்டினா. சின்னையா வாயைத் திறக்குததுக்குள்ளே, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "இன்னைக்குச் சனிக்கிழமைல்லாய்யா, ஆம்பளைக்கு எண்ணெய் தேய்க்குத நாளு. வண்டிக்கு அடுத்த வாரம் தேச்சுக்கிடலாம்."

மடைக் கல்

வேற எண்ணெய்க்கு ஆள் அனுப்ப நேரம் இல்லை. துரை ஹாரனை அமுக்கிட்டார். பேச்சியம்மா செம்பை இடுக்கிக்கிட்டுப் போய், அவ்வளவு பெரிய கரையை விட்டுட்டு, வளைவுக்கு நேர் எதிரே மடைக் கல்லு மேலே உக்காந்தா. ஏன் தாயி இங்கன உக்காருதேன்னு ஓடிப் போய்க் கேட்டேன். இங்கனதான் நிழல் இருக்குன்னா.

முதல் சுத்திலே வளைவுக்கிட்ட அந்தக் கூச்சல் கேட்டப்போ கரையிலே இருந்த சனம் காதைப் பொத்துச்சு. அவ பொத்தலை. ரெண்டாம் சுத்திலேயும் கத்திச்சு. மூணாம் சுத்திலே கார் நேரே மடையைப் பார்த்து வந்துது. கத்திச்சு, குறைஞ்சுது, அவ காலுக்கு நாலு முழம் தள்ளி மண்ணை வாரி அடிச்சுட்டுத் திரும்பிப் போச்சு. துரைதான் ஜெயிச்சார். சின்னையா காரைச் சுத்திச் சுத்தி வந்தார். காதுக்குப் பின்னாலே எண்ணெய் வழிய, தோத்துப் போனோமேன்னு சுடலை பலகையிலேயே உக்காந்திருந்தான். பேச்சியம்மா கல்லை விட்டு எந்திரிச்சா, சேலையிலே ஒட்டின தூசியைத் தட்டினா, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காம அவன்கிட்ட வந்து சொன்னா: "எந்திரிங்க, வெந்நீர் போட்டு வச்சிருக்கேன். மிச்ச சீயக்காய் இன்னைக்கு உங்க தலைக்குத்தான்."

இப்பவும் பிரேக் பிடிக்கலைன்னு யார் வந்தாலும், வண்டிக்கு அடியிலே குனியுததுக்கு முந்தி, இந்த வண்டி சத்தம் போட்டா உங்களிலே யாருக்குய்யா மானம் போவும்னுதான் முதல்லே கேக்குதேன்.