ஏரி ஒன்று, ஊர் இரண்டு: சாலவாக்கம் பக்கம் ஒரு குடியரசு நாள்

காலை 7.10. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வண்டி புறப்பட்டது. கட்டணம் இருபத்தைந்து ரூபாய். தொலைவு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். குடியரசு நாளாகையால் ஓட்டுநர் முகப்புக் கண்ணாடியில் ஒரு காகிதக் கொடியைச் செருகியிருந்தார். என் கைப்பையில் 2014ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் படி இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்தவன் நான்; சட்டத்தைப் பற்றிப் பேச அழைத்தால் மூலப் படி இல்லாமல் செல்வதில்லை.

அழைத்தவர் என் பழைய மாணவர் ஏகாம்பரம். இப்போது நான்கு ஏக்கர் நெல் பயிரிடுகிறார். சாலவாக்கத்துக்கு அப்பால் உள்ள அவருடைய சிற்றூர், பெரிய ஊர் ஒன்றின் ஊராட்சியில் அடங்கியது. தங்களுக்குத் தனி ஊராட்சி வேண்டும் என்று சிற்றூரார் கேட்கிறார்கள். மாநிலங்களை எந்தச் சட்டத்தால் எவ்வாறு பிரித்தார்கள் என்று அன்றைய கிராம சபையில் நான் விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்களின் பெயர்களை இங்கே தவிர்க்கிறேன். இரு ஊராரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

8.25. உத்திரமேரூரில் ஏகாம்பரம் இருசக்கர வண்டியுடன் காத்திருந்தார்.

"நாஷ்டா ஆச்சா சார்?"

"ஆயிற்று. நேரத்தோடு போய்ச் சேர்வோம்."

"மெதுவாத்தான் ஓட்டுவேன் சார், கெட்டியா புடிச்சிக்கங்க. ரோடு பேஜாரா கீது."

சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை முடிந்த கழனிகள். சிலவற்றில் அடுத்த பருவமான நவரைக்கு நாற்று விட்டிருந்தார்கள். அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்து ஏரிகள் நிறைந்திருந்தன. சிற்றூரின் முகப்பில், மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். என் பெயர், பட்டம் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. கீழே: 'தீர்மானம் போட்டால் பிரியலாம், சட்டம் நம் பக்கம். பேராசிரியர் விளக்குகிறார்.'

"இப்படி நான் எப்போது சொன்னேன்?"

"கிளாசுல சொன்னீங்களே சார்! ஜனங்க கேட்டாங்க, ஆந்திரா பொறந்துச்சின்னு. நோட்டுல கூட எய்தி வெச்சிகினு கீறேன்."

சொல்லியிருப்பேன். மக்களின் வேட்கையை வகுப்பில் உணர்ச்சியோடு விவரித்தவன், பிரிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லாமல் விட்டிருக்கிறேன். பிழை என்னுடையது. ஆனால் அந்தச் சுவரொட்டியின் வாக்கியத்தை என் பெயரோடு சபையில் நிற்க விட முடியாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

11.00. பள்ளி வளாகத்தில் சபை கூடியது. பெரிய ஊரார் இடப்புறம், சிற்றூரார் வலப்புறம். நான் எழுந்தபோது இடப்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ஊர கூறு போட வாத்தியாரு வந்துட்டாருடா!" சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

பிறகு சொன்னேன்: "மாநிலத்தைப் பிரிப்பது நாடாளுமன்றம். அரசமைப்பின் மூன்றாம் பிரிவின்படி, அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது. ஆயினும் தெலங்கானா பிறந்தது. ஊராட்சியைப் பிரிக்கும் அதிகாரம் மாநில அரசிடமே உள்ளது. இன்று நீங்கள் போடும் தீர்மானம் வேண்டுகோள்தான். அதனாலேயே ஊர் பிரிந்துவிடாது. சுவரொட்டியில் இருப்பது சரியன்று. அது என் பழைய பாடத்தின் குறை."

வலப்புறம் முணுமுணுத்தது. அப்போது சிற்றூர்ப் பக்கமிருந்து தனகோட்டி எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஏரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்.

"சார், அந்த ஆந்திரா ரெண்டாச்சே, ஆத்துத் தண்ணி யாருக்குப் போச்சி?"

கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் சட்டத்திலேயே தனித்தனி வாரியங்கள் அமைத்தார்கள் என்றேன். கிருஷ்ணை நீருக்கு இன்னும் வழக்கு நடக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

"எய்தி வெச்சே சண்டையா? நம்ம தீர்மானப் பேப்பர்ல தண்ணியப் பத்தி ஒரு வார்த்த கூட இல்லியே. இன்னாணா ஏகாம்பரம், ஏரி அவங்க எல்லையில கீது. பிரிஞ்சிட்டு, என் கயனிக்கி எவன் மட தெறப்பான்?"

"அத்த அப்பறம் பேசிக்கலாம் தனகோட்டி."

"நாத்து அப்பறம் வரைக்கும் நிக்குமாணா?"

இம்முறை இருபுறமும் சிரித்தார்கள். மடை திறக்கும் நாள்களை முடிவு செய்யும்போது சிற்றூரின் வார்டு உறுப்பினர்களும் உடன் இருப்பது அதுவரை இருந்த வழக்கம். ஊராட்சி பிரிந்தால் அந்த வழக்கம் எந்தத் தாளிலும் இராது. கைப்பையிலிருந்த படியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். நூற்றெட்டுப் பிரிவுகள், பதின்மூன்று அட்டவணைகள். புதிய மாநிலத்தை அமைக்க ஒரு பிரிவு போதுமானதாக இருந்தது; மற்றவற்றில் பெரும்பகுதி நீர், நீதிமன்றம், ஊழியர், கல்லூரி என்று எதை எப்படிப் பகிர்வது என்பதைப் பற்றியவை. "பிரிவினையை எழுதுகிறவர்கள் இவற்றை எழுதாமல் எழுந்திருக்கக் கூடாது" என்றேன்.

1.40. நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. முதலாவது: ஊராட்சி ஒன்றாக இருந்தாலும் இரண்டானாலும் மடை திறக்கும் நாள்களை இரு ஊராரும் சேர்ந்த ஒரு குழுவே முடிவு செய்யும்; நவரையில் முதல் முறைத் தண்ணீர் கடைமடைக்கு. இடப்புறத்தில் எட்டுப் பேர் தவிர எல்லாரும் கை உயர்த்தினார்கள். இரண்டாவது, தனி ஊராட்சிக்கான வேண்டுகோள். தனகோட்டி முதலாவதற்குக் கையெழுத்திட்டு, மை காய்ந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகே இரண்டாவதற்கு இட்டார்.

3.15. ஏகாம்பரம் என்னை உத்திரமேரூரில் இறக்கிவிட்டார். நான் பேருந்தில் ஏறும்போது சொன்னார்: "என் மானத்த வாங்கிட்டீங்க சார். ஆனா தனகோட்டி கேட்ட கேள்விக்கி எங்கிட்ட பதில் இல்ல."

"என்னிடமும் பாதிதான் இருந்தது" என்றேன்.

வண்டி பாலாற்றைக் கடக்கும்போது என் வீட்டை நினைத்துக்கொண்டேன். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் தம்பியும் பாகம் பிரித்தபோது சுவரை முதலில் எழுப்பினோம். கிணற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றோம். கிணறு என் பக்கம் அமைந்தது. கோடைதோறும் அவன் வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. மாநிலங்களின் நீர்ப் பங்கீட்டைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவன் அதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

நாளைக் காலை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்குச் சுவரில் எந்த இடத்தில் வழி விட வேண்டும் என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும். அவன் சொல்லை ஏற்பேன்.