நைனா மொழிபெயர்த்த ஊர்

எங்கள் நைனா அனந்தபுரத்தில் ஓர் உழவர் வீட்டின் இளைய பிள்ளை. படித்துச் செஞ்சிப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். வேறு சாதியில் பிறந்த எங்கள் அம்மாவை மணந்ததால் ஊர் அவரைத் தள்ளிவைத்தது. டிரங்குப் பெட்டியோடு அவர் தெருவில் நடந்தபோது, உடன்பிறந்த அண்ணனான எங்கள் பெரியப்பாவே கதவைச் சாத்திக்கொண்டாராம். செஞ்சியிலிருந்து அனந்தபுரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. நைனா அதில் ஏறியதேயில்லை.

தம் வேதனையை அவர் எங்களிடம் சொன்னதில்லை. ஜெர்மன் எழுத்தாளர்களைப் பற்றித்தான் சொல்வார். நாஜிகளுக்குத் தப்பி ஓடி, புத்தகங்கள் கொளுத்தப்பட்டு, பிழைக்கப் போன ஊரில் எவருக்கும் புரியாத தம் மொழியிலேயே விடாமல் எழுதியவர்கள். அவர்களின் ஆங்கிலப் பதிப்புகளைச் சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்குவார். அந்த மார்க்கெட் எரிந்த செய்தி வந்த அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அவர்களில் ஒருவரின் கதையை நைனா தமிழாக்கி ஒரு சிறுபத்திரிகையில் வெளியிட்டார். ஊரைவிட்டு ஒருவன் பெட்டியோடு போகிறான்; அண்ணன் வீட்டுக் கதவும் சாத்தப்படுகிறது. வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை என்று நம் சொற்களிலேயே எழுதியிருந்தார். மூல ஆசிரியர் பெயர் பொடி எழுத்தில் கிடந்தது. அனந்தபுரத்தில் யாரோ படித்துக்காட்ட, நம்மைத்தான் சந்தி சிரிக்க வைத்துவிட்டான் என்று ஊரே கொதித்தது. அதுவரை மனம் இளகிக்கொண்டிருந்த பெரியப்பா செஞ்சிப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

அது ஜெர்மன் கதை என்று போய்ச் சொல்லும்படி அம்மா மன்றாடினார்.

"இன்னான்னு சொல்றது? அது நம்ம ஊரு இல்லன்னா?" என்றார் நைனா.

ஆனாலும் அண்ணனைப் பார்க்கும் ஆசை அவரை விடவில்லை. மஞ்சள் காமாலையில் கிடந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கிப் பார்ப்பார். பெரியப்பா வந்தார், வாய்க்கரிசி போட.

மருத்துவமனையில் மாறிமாறித் துணையிருந்த சக ஆசிரியர்களையும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாரையும் நாங்கள் என்றும் மறவோம்.

நைனாவின் இந்த முதலாண்டு நினைவு மலரில் அந்தக் கதையையும் சேர்த்திருக்கிறோம். அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மூல ஆசிரியர் பெயரோடு, இது நம் ஊரைப் பற்றியதல்ல என்றும் ஒரு வரி போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பேரு போடும்மா. அந்த வரி வேணாம். கதவ சாத்தனது நான்தான்."

அந்த வரியைச் சேர்க்கவில்லை.

கண்ணீருடன்,
மகள்
செஞ்சி