அக்கா பக்கம் நாய், தம்பி பக்கம் மீன்

அக்காவை நல்ல மாதிரி என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் முன்வர மாட்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் அவள் முதல் வார்த்தையே "என்ன?" என்றுதான் விழும். வெயில் காலத்தில் உச்சி நேரத்தில் நாயை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் தொலைந்தார்கள். "செருப்பைக் கழட்டிட்டு அந்தத் தார் ரோட்ல நாலு அடி நடந்து காட்டுங்க. அப்புறம் நாய்க்கு என்ன வேணும்னு கேக்கறேன்" என்பாள். மழைக் காலத்தில் சொட்டச் சொட்ட நாயோடு வந்தால், "உங்க பிள்ளையையும் இப்படித்தான் தலை துவட்டாம ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா?" குளிர் காலத்தில் நாய்க்குச் சட்டை கேட்டு வருகிறவர்களிடம், "அதுதான் பிறக்கும்போதே கம்பளி போத்திக்கிட்டு வந்திருக்கே, கண்ணு தெரியலையா?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்பாள். இவ்வளவையும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஜனங்கள் அவளிடமேதான் வந்தார்கள். குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து அனுப்புவதில் அவள் கை அப்படி. தெருவையே விரட்டுகிற நாய்கூட அவள் தொட்டியில் ஏறினால் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிற்கும். மனிதர்களோடுதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. சாயங்காலமானால் கடை வாசல் பெஞ்சில் நாலு பேர் தங்கள் பூனையும் நாயுமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அவர்களையும் அவள் விரட்டியதில்லை, வாங்க என்று சொன்னதும் இல்லை.

கடை முழுக்க அவளுடையது அல்ல, பாதிதான். உள்ளே நுழைந்ததும் தரையின் நடுவில் ஒரு வரிசை கறுப்பு டைல்ஸ் ஓடும். அதற்கு இடப்பக்கம் நாயும் பூனையும் அக்காவின் பொறுப்பு. வலப்பக்கம் மீனும் பறவையும், அவள் கூடப்பிறந்த தம்பியின் பொறுப்பு. நடுவே சுவரோ தடுப்போ கிடையாது. ஒரே ஷட்டர், ஒரே மின்விசிறி, ஒரே கண்ணாடிக் கதவு. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஆறேழு வருஷம் ஆகிறது.

நின்றதற்குக் காரணம் ஒரு பூனை. லீவுக்கு வெளியூர் போகிறவர்கள் தங்கள் பிராணிகளை அக்காவிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கம். அப்படி வந்த ஒரு பூனை, கூண்டுக் கொக்கியைத் தள்ளிக்கொண்டு போய்த் தம்பியின் குருவி ஜோடி ஒன்றைத் தீர்த்துக்கட்டிவிட்டது. கொக்கியைச் சரியாகப் போடாதது அக்காவின் தப்பு. அதற்காக அவன் காது கிழியத் திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அவன், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உன்கூட எந்த உயிர்தான் நிம்மதியா இருந்துச்சு? உன் புருஷன் சும்மாவா ஓடினான்?" என்று கேட்டுவிட்டான். அந்தப் புருஷன் ஓடிய மறுநாள் போய் அவள் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் இதே தம்பிதான். அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்தே, எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துக் குத்தினான். அன்றைக்கு மூடிய வாயை அக்கா அப்புறம் அவனிடம் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை.

கடை என்றால் பேசாமல் நடத்த முடியாதே. அதற்கு ஒரு வழி தானாக உண்டாகிவிட்டது. யார் வாடிக்கையாளராக வந்து நிற்கிறார்களோ அவர்கள்தான் தூது.

"அந்த ஆள்கிட்ட சொல்லுங்க, கதவை மூடி மூடி வெச்சா என் நாய்ங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு" என்று அக்கா சொல்வாள். அந்த ஆள் கையெட்டும் தூரத்தில் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். காதே இல்லாதவன் மாதிரி நிற்பான். வாடிக்கையாளர் அவன் பக்கம் திரும்பி, "கதவைத் திறக்கணுமாம்" என்று சொன்ன பிறகுதான் அவனுக்குக் கேட்கும். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, இந்தக் குளிர்ல கதவைத் திறந்தா என் குஞ்சுங்க விறைச்சுப் போயிடும்னு." பாவம், பூனை வெளிக்குப் போக மணல் வாங்க வந்த மனிதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பியே களைத்துப்போவார். கடைசியில் யாராவது ஒருவர் "சரின்னு சொல்லுங்க" என்று சொன்னால் விவகாரம் முடிந்தது என்று அர்த்தம். அந்தச் "சரி" வராமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. தெருவுக்கும் இது பழகிவிட்டது. சிலருக்கு இதுவே பொழுதுபோக்கு.

தம்பி பக்கத்தில் அக்காவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று உண்டு. அதை அவள் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். பெரிய தொட்டியில் தனியாக ஒரு ஆஸ்கர் மீன் இருந்தது. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுத் திட்டு, உள்ளங்கையை விடப் பெரிது. கடையில் யார் நடமாடினாலும் கூடவே திரும்பித் திரும்பிப் பார்க்கும். வேலை ஒன்றும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்குத் தெருப் பிள்ளைகள் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் தம்பி வருமுன் ஷட்டரைத் தூக்குகிறவள் அக்கா. விளக்கைப் போட்டதும் மேனேஜர் கண்ணாடியோரம் வந்து நிற்கும். "என்ன முறைப்பு? வந்தாச்சு, வந்தாச்சு" என்று டைல்ஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்வாள். அந்தக் கடையில் அவள் திட்டாமல் பேசியது அதனிடம் மட்டும்தான்.

அந்த வருஷம் மழை விட்டதும் உண்ணி கிளம்பியது. எப்போதும் கிளம்புவதுதான். இந்தத் தடவை கட்டிட ஓனரின் நாய் ஊரில் உள்ள உண்ணியை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டு குளிக்க வந்து, கடையில் பாதியை இறக்கிவிட்டுப் போனது. இரண்டு நாளில் சுவரெல்லாம் ஊர ஆரம்பித்து, மாடிப்படி ஏறி ஓனர் வீட்டுச் சோபா வரைக்கும் போய்விட்டது. ஓனர் படி இறங்கி வந்து குதித்தார்.

"இந்தாம்மா, நாளைக்குள்ள இதை ஒழிக்கணும். இல்லேன்னா உன் பக்கத்தைக் காலி பண்ணிக்க."

"எல்லாம் உங்க வீட்டு ராஜா கொண்டு வந்ததுதான். என்னைக் காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி அதைக் காலி பண்ணுங்க" என்றாள் அக்கா. ஓனர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பாதிக் கடையை ஒருத்தியிடமும் பாதியை ஒருத்தனிடமும் விட்டு, இரண்டு பேர் சண்டைக்கும் பஞ்சாயத்துப் பண்ணி அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

உண்ணிக்கு மருந்து அடிப்பது ஒன்றும் புதிதல்ல. அந்த மருந்து நாய்க்குப் பிரச்சினை இல்லை, மீனுக்கு எமன். தொட்டிக்குள் காற்றை அனுப்பும் மோட்டார் கடைக் காற்றைத்தான் இழுக்கும். காற்றில் மருந்து இருந்தால் நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் தம்பி மோட்டாரை நிறுத்தி, தொட்டிகளை ஈரத் துணியால் மூடி, பறவைக் கூண்டுகளை வாசலுக்குக் கொண்டுபோய்விடுவான். அப்புறம்தான் அக்கா மருந்தைக் கையில் எடுப்பாள்.

மறுநாள் காலை பக்கத்துக் கடைத் தையல்காரர் தன் குருவிகளுக்குத் தினை வாங்க வந்தார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆள்கிட்ட சொல்லுங்க, இன்னும் அரை மணியில மருந்து அடிக்கப் போறேன். தொட்டியெல்லாம் மூடச் சொல்லுங்க."

தையல்காரர் திரும்பி வாயைத் திறந்த சமயத்தில் அவர் போன் அடித்தது. யாருக்கோ பிளவுஸ் தைத்து முடிக்கவில்லை போலிருக்கிறது. "இதோ வந்துட்டேம்மா, பட்டன்தான் பாக்கி" என்று போனிலேயே கும்பிடு போட்டுக்கொண்டு தினைப் பையோடு ஓடிவிட்டார்.

தம்பி அங்கேயேதான் நின்றான். தொட்டிக்குள் விட்டிருந்த அவன் கை ஒரு கணம் அசையாமல் நின்றதை அக்கா பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டான். கூண்டுகளை வெயிலுக்காக ஏற்கெனவே வாசலில் மாட்டியிருந்தான். வண்டியை எடுத்துக்கொண்டு, மீன் தொட்டிக்குள் போடுகிற செடி வாங்கப் போய்விட்டான். "சரின்னு சொல்லுங்க" என்று அவன் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. அது அக்காவுக்கு உறைத்தது. உறைத்தும், இவனுக்குக் கேட்காமலா போயிற்று, எல்லாம் நடிப்பு என்று எரிச்சலோடு நாய்களை அவிழ்த்துக் கொண்டுபோய் நடைபாதையில் கட்டினாள். காதோடு சேர்த்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, தன் பக்கத்துச் சுவர், மூலை, தொட்டி அடி, பெஞ்ச் இடுக்கு ஒன்று விடாமல் அடித்தாள். அவன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய வைராக்கியம். முதுகைக் காட்டியபடியே அடித்து முடித்து வெளியே வந்தாள்.

கதவைத் திறந்து காற்றாட விடலாம் என்று கொஞ்ச நேரம் கழித்து, துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனபோதுதான் மோட்டார்ச் சத்தம் காதில் விழுந்தது. திரும்பினாள். எந்தத் தொட்டியிலும் துணி இல்லை. சின்ன மீன்கள் மல்லாந்து மிதந்தன. சில கிறுகிறுத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. மேனேஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

அக்கா டைல்ஸ் கோட்டைத் தாண்டினாள். மோட்டார்ப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பின்பக்கம் அவன் பிடித்து வைத்திருந்த டிரம் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து, நாய்க்குட்டிகளுக்கென்று வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த புதுத் தொட்டியில் ஊற்றினாள். வலையைத் தேடப் பொறுமை இல்லை. கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டாள். குஞ்சு மீன்கள் கொஞ்சம் பிழைத்துக்கொண்டன. மேனேஜரை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீருக்குள் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாள். "ஏய், பாரு. என்னைப் பாரு. முறைச்சுப் பாரு" என்றாள். அது பார்க்கவில்லை.

தம்பி செடிப் பையோடு உள்ளே வந்தது அப்போதுதான். தன் பக்கத்தில் அக்கா, அவள் கையில் செத்த மீன், கடை முழுக்க மருந்து வாடை. பையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய், "பாருங்கய்யா, எல்லாரும் வந்து பாருங்க! என் மீனையெல்லாம் விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க!" என்று கத்தினான்.

தெரு கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்காவிடம் இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அன்று வாய் வந்தது. "இவங்க செஞ்சாலும் செய்வாங்க" என்றார் ஒருவர். "போன வாரம் என்னையே நாய் மாதிரி விரட்டுனாங்க" என்றாள் ஒருத்தி. ஓனரும் இறங்கி வந்தார்.

"நான் சொல்லிட்டுத்தான் அடிச்சேன். இதோ நிக்கிறாரே, இவர்கிட்டதான் சொன்னேன்" என்று அக்கா தையல்காரரைக் காட்டினாள்.

தையல்காரர் ஓனர் முகத்தைப் பார்த்தார். அவருடைய தையல் கடையும் ஓனரின் அதே கட்டிடத்தில்தான் இருந்தது. "எங்கிட்டயா? எப்போ? நான் வந்தேன், தினை வாங்கினேன், போயிட்டேன்."

"பொய் சொல்றாரு! அந்த ஆளும் அங்கதான் நின்னான். அவனுக்கே கேட்டுச்சு."

"அவன்கூடதான் நீங்க பேசறதே இல்லையே" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்காவுக்குக் காது சூடேறியது. கையிலிருந்த மீனை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

ஓனர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். "தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லு. மருந்து அடிக்கப் போறது உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா சொல்லிடு. இந்தம்மா இன்னைக்கே காலி பண்ணட்டும். முழுக் கடையும் நீயே எடுத்துக்க."

தெரியாது என்று அவன் சொல்லிவிட்டால் மறுத்துச் சொல்ல அக்காவுக்கு ஒரு சாட்சி கிடையாது. அந்தப் பாதிக் கடையைத் தவிர அவளுக்கு என்ன இருக்கிறது? போக வீடு உண்டு, செய்ய வேலை கிடையாது. அந்தக் குளிப்பாட்டும் தொட்டியும் கத்தரிக்கோலும் போனால், காலையில் எழுந்து எங்கே போவாள்? சொல்லத்தான் போகிறான், ஏன் சொல்ல மாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி காலியான பெரிய தொட்டியைப் பார்த்தபடி நின்றான்.

"கேட்டுச்சு" என்றான்.

"என்னப்பா?"

"எனக்குக் கேட்டுச்சு. மருந்து அடிக்கப் போறதா இவ சொன்னது காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி போயிட்டேன்."

பிழைத்துக்கொண்டோம் என்று அக்கா மூச்சு விட்டிருக்க வேண்டும். அவளுக்கு வந்தது ஆத்திரம். இத்தனை வருஷமாக அடைத்து வைத்ததெல்லாம் ஒரே வீச்சில் வந்தது.

"கேட்டுச்சா? கேட்டும் ஏண்டா மூடாம போன? ஒரு துணியை எடுத்துப் போட்டுட்டுப் போக உனக்கு என்னடா கேடு வந்துச்சு? என்மேல ஆத்திரம்னா என்னைக் கொல்லுடா! இது உன்னை என்னடா பண்ணுச்சு?"

நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளாமல் கேட்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கண் சிவந்து கிடந்தது.

"நீ என்கிட்டயா சொன்ன?" என்றான்.

அக்கா வாயைத் திறந்தாள். தெருவில் யாரிடமும் தோற்காத வாய். தூதுக்கு ஆள் தேடுகிறவள் மாதிரி தையல்காரரைப் பார்த்தாள், ஓனரைப் பார்த்தாள், பூனையும் நாயுமாக நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். மீனை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க அழுதாள்.