எங்கள் வைஃபையில் பதினொன்று

மைசூருவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு வாரமாக வைஃபை நத்தை மாதிரி ஊர்ந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் பாதிப் பேச்சிலேயே என் முகம் உறைந்துபோகும். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். எங்களிடம் இருப்பது மூன்று போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி. அதில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் பதினொன்று இருந்தன. எனக்கு ரத்தம் கொதித்தது.

ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை முதலில் மாற்றினேன். பிறகு வைஃபையின் பெயர், அதன் பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றி எல்லாரையும் வெளியே தள்ளினேன். ஆனால் என் போன் மட்டும் எதுவும் கேட்காமல் பழைய பெயரிலேயே ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "உங்க வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுதான் மேடம். மறந்துபோச்சுன்னு யாரும் எனக்குப் போன் பண்ண மாட்டாங்க பாருங்க" என்று கன்னடத்தில் பெருமையாகச் சொன்னார்.

அப்படியென்றால் என் போன் இருப்பது மாடி வீட்டு வைஃபையில். அவரை நன்றாகத் திட்டிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்ததும், "நல்லவேளை வந்தீங்க. யாரோ எங்க நெட்டைத் திருடுறாங்க. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார்.

"கண்டுபிடிச்சாச்சுக்கா" என்று என் போனை அவர் கையில் கொடுத்தேன்.