கமா போட்ட டிக்

அரசு அச்சகத்தில் முப்பத்துநான்கு வருஷம் புரூஃப் பார்த்தவர் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, அச்சுக்கு ஏறிவிட்ட ஒரு சட்டத் திருத்தத்தில் ஒரு கமா விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து அவர் பெயர் கமா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது. கமா என்றால், "மாடியில இடது பக்கம், ஜன்னலோர மேஜை" என்று சொல்லிவிடுவார்.

புரூஃப் பார்க்கிறவர்கள் படிப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. 'பணி ஓய்வும் காப்பீட்டுப் பயன்களும்' என்ற அரசுக் கையேட்டின் மூன்று பதிப்பும் கமாவின் மேஜைக்கு வந்துதான் போயின. மூன்றிலும் அவர் பிழை எடுத்தார். இரண்டாம் பதிப்பில் பக்க எண் மாறியிருந்ததைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்தக் கையேடு என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் மனிதர் திருதிருவென்று முழித்திருப்பார்.

அவருடைய மனைவியைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். தனியார் நர்சரி ஒன்றில் இருபத்தொரு வருஷம் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அங்கே பென்ஷனும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனதும் வேலையை விட்டார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டால், அடுத்த ஆறு வாரம் அவரே ரவிக்கைக் கொக்கி மாட்டிக்கொள்வார், பூட்டைத் திறப்பார், பேனா பிடிப்பார். ஒரு பாட்டில் விலை கமாவின் ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டும். கமாவின் குடும்பக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் அநேகமாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.

கமா ஓய்வு பெற்றுப் பதினேழு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் வீட்டு மாடிப்படி ஏறும்போது நெஞ்சை யாரோ முழங்கையால் அழுத்துவதுபோல் இருந்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்த டாக்டர், ஒரு ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதாகவும் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றும் சொல்லி, மாதக் கடைசியில் இருபத்தேழாம் தேதி கொடுத்தார்.

ஸ்டென்ட் செலவு காப்பீட்டில் வருமா என்று டீச்சருக்குக் கவலை. ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் அந்த வாரமே ஒரு விளக்கக் கூட்டம் இருந்தது. பென்ஷன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பேசுகிறார் என்றார்கள். "வாங்க, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்று கமாவைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சுற்றும் மின்விசிறிகள், முன்வரிசையில் ஏற்கெனவே கண்ணயர்ந்துவிட்ட இரண்டு பேர். அதிகாரி திரையைக் காட்டிப் பேசினார்.

"ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. லைஃப் இன்சூரன்ஸ் வேற, மெடிக்கல் இன்சூரன்ஸ் வேற. லைஃப் இன்சூரன்ஸ் தொகை உங்க வயசு ஏற ஏறக் குறைஞ்சுக்கிட்டே வரும். மெடிக்கல் அப்படி இல்ல. ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் விடாம திட்டத்துல இருந்திருந்தீங்கன்னா, கடைசி வரைக்கும் உங்களுக்கு உண்டு. ஸ்டென்ட், கண்ணு ஆபரேஷன், எல்லாம் வரும்."

டீச்சர் கமாவின் முழங்கையைத் தட்டிச் சிரித்தார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மெதுவாக எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கப்புறம் வீட்ல இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு எத்தனை பேர் யோசிச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி. "உங்க பென்ஷன்ல ஒரு சின்னப் பங்கையாவது அவங்க பேருக்குக் குடும்ப பென்ஷனா எழுதிக் கொடுத்திருந்தா, அவங்க இன்சூரன்ஸ் அப்படியே தொடரும். பங்கே வேண்டாம், முழுப் பென்ஷனும் எனக்கே வேணும்னு எழுதியிருந்தா, நீங்க கண்ணை மூடின மாசத்தோட கடைசி நாள் அவங்க கார்டும் முடிஞ்சுது. அப்புறம் யார் கால்ல விழுந்தாலும் திரும்பச் சேர முடியாது."



டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து கிசுகிசுத்தார். "நமக்கு அந்தப் பங்கு இருக்குல்ல?"

கமா தலையாட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று அவருக்கே நிச்சயமில்லை. டீச்சர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு நோட்டை மூடினார்.

அந்தப் படிவம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஓய்வுக்கு ஒரு மாதம் முன்னால், பைண்டிங் பிரிவின் மேஸ்திரியோடு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மேஸ்திரி சொன்னார்: "குடும்பப் பங்குன்னு எழுதினா மாசாமாசம் உன் பென்ஷன்ல பத்துல ஒரு பங்கைப் பிடிப்பான் கமா. நான் எழுதல. உனக்கு உடம்புல ஒரு குறையும் கிடையாது. சீக்கு வீட்டுக்காரம்மாவுக்கு. யோசிச்சுக்க."

மேஸ்திரி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மீதியைக் கமாதான் யோசித்தார். வியாதிக்காரி அவள், முன்னால் போகப்போவதும் அவள்தான், பிறகு யாருக்காகப் பிடித்தம் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. அதை வார்த்தையாக நினைத்துப் பார்க்கவில்லை. கை மட்டும் 'பங்கு வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டது. மனைவி கையெழுத்தும் வேண்டும் என்று இருந்ததால், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வாஷிங் மெஷின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார் டீச்சர்.

கூட்டத்துக்கு மறுநாள், கண்ணாடிக்குப் பிரேம் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பென்ஷன் அலுவலகத்துக்குப் போனார். முந்தின நாள் பேசிய அதிகாரிதான் அங்கே இருந்தார். கணினியில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"மாத்தலாம் சார். ரிடையர் ஆகிப் பதினெட்டு மாசத்துக்குள்ள ஒரே ஒரு தடவை மாத்தலாம். உங்களுக்கு இருபத்துநாலாம் தேதியோட முடியுது. இன்னும் பதினெட்டு நாள்."

"இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்."

"அம்மா வரணும். எங்க முன்னாடிதான் கையெழுத்துப் போடணும். வீட்ல போட்டு வாங்கிட்டு வர்ற வேலையெல்லாம் இப்ப கிடையாது. நிறைய பேர் படிக்கக் கொடுக்காமலே வாங்கிட்டு வந்துடறாங்க."

அவர் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று கமாவுக்கு முகம் சுருங்கியது.

"இன்னொண்ணு சார். பதிவு பண்ணினா அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்துதான் செல்லும். அதுக்குள்ள உங்களுக்கு..." என்று இழுத்து, அதிகாரி பேச்சை மாற்றினார். "ஒண்ணும் ஆகாது. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் கமா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார். சாலையைக் கடக்கும்முன் இரண்டு பக்கமும் மும்முறை பார்த்தார். பஸ்ஸில் ஏற ஓடவில்லை, இரண்டு பஸ்ஸை விட்டார். மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு முறை நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். தான் செத்துப்போவதைப் பற்றி அதுவரை அவர் பெரிதாகப் பயந்ததில்லை. இப்போது ஒண்ணாம் தேதிக்கு முன்னால் செத்துவிடக்கூடாதே என்பதுதான் பயம்.

கோபம் மேஸ்திரிமேல் திரும்பியது. போன் போட்டார். "நீ சொன்னதைக் கேட்டு நான் கெட்டேன்" என்றார்.

மேஸ்திரிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "கமா, என் வீட்டுக்காரி அரசாங்க நர்ஸு. அவளுக்குத் தனிப் பென்ஷன், தனிக் கார்டு. நான் பங்கு எழுதலன்னா அவளுக்கு என்ன நஷ்டம்? உன் வீட்ல அப்படி இல்லன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? நீதானே புத்தகமே திருத்தின ஆளு!"

கமா போனை வைத்துவிட்டார்.

டீச்சரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. காலையில் சொல்லலாம் என்று நினைப்பார், டீ ஆறிப்போகும். சாயங்காலம் பார்க்கலாம் என்பார், பக்கத்து வீட்டு அம்மா வந்துவிடுவார். மாத்தணும் என்று சொன்னால் டீச்சர் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. 'சின்னத் திருத்தம்தான், ஆபீஸ்ல ஒரு கையெழுத்து' என்று பூசி மெழுகிவிடலாமா என்றும் பார்த்தார். அதிகாரி முன்னால் பழைய படிவத்தை விரித்து வைத்தால்? இப்படியே பத்து நாள் போயிற்று. டீச்சர், நெஞ்சைப் பற்றித்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, உப்பைக் குறைத்துப் போட்டுச் சமைத்தார்.

பதினாறாம் தேதி டீச்சருக்கு மருந்தேற்றும் நாள். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, நர்ஸ் ஊசியைச் செருகி பிளாஸ்திரி போட்டுவிட்டுப் போனார். பாட்டிலிலிருந்து மருந்து சொட்டு சொட்டாக இறங்கியது. கமா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்னும் எட்டு நாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு அந்தம்மா சொன்னாங்களே, குடும்பப் பங்கு. அது நமக்கு இல்ல. நான் வேண்டாம்னு டிக் பண்ணிட்டேன்."

டீச்சர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தெரியாம பண்ணிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "இன்சூரன்ஸ் போயிடும்னு தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா டிக் தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏன்?"

கமா மருந்துப் பாட்டிலை நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் முன்னாடி போயிடுவேன்னு நினைச்சீங்க. அதானே?"

கமா குனிந்தபடியே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் சந்தேகத்துக்கு இடமில்லை.

"கையெழுத்து வாங்கின அன்னைக்கு நான் என்னதுன்னு கேட்டேன். வழக்கமான பேப்பர்தான்னீங்க."

"ஆமா."

ஊசி குத்தியிருந்ததால் டீச்சரால் எழுந்து போக முடியவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வந்து பார்த்த நர்ஸிடம், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் என்றார் நர்ஸ். அந்த நாற்பது நிமிஷமும் கமா சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது, போகவில்லை.

ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டியதும் டீச்சர் கேட்டார்: "அந்த ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"நாலரை."

"ஆட்டோ கூப்பிடுங்க."

பென்ஷன் அலுவலகத்தில் படிவத்தை நீட்டியதும் டீச்சர் பேனாவை எடுக்கவில்லை. முதல் வரியிலிருந்து விரலை வைத்து, நர்சரிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி வாய்விட்டுப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். "நீங்க உட்காருங்க சார், எனக்கு நேரமாகும்" என்றார் டீச்சர் திரும்பாமல்.

"கால் பங்கு, அரைப் பங்குன்னு ரெண்டு இருக்கே, எதுல இன்சூரன்ஸ் நிக்கும்?"

"எதுலயும் நிக்கும்மா. கால் பங்குன்னா சாரோட பென்ஷன்ல பிடித்தம் கம்மி. இந்தப் பதினெட்டு மாசமா பிடிக்காம விட்ட பாக்கியையும் தவணையா எடுத்துக்குவோம்."

கமா அவசரமாக, "உன் இஷ்டம்" என்றார்.

"என் இஷ்டம்தான்" என்றார் டீச்சர். "அரைப் பங்கே எழுதுங்கம்மா. பின்னால நான் யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கக் கூடாது."

மருந்து ஏறிய கையாலேயே கையெழுத்துப் போட்டார். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகுமா என்று கமா எட்டிப் பார்த்தார். அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அதோடு பயம் தீரவில்லை. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நடுவில் இருபத்தேழாம் தேதி ஸ்டென்ட். அதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கப் போனபோது டீச்சர் கேட்டார்: "இதை ஒண்ணாம் தேதிக்கப்புறம் வைக்க முடியுமா டாக்டர்? தள்ளிப்போட்டா இவருக்கு ஆபத்தா? ஆபத்துன்னா வேண்டாம், இப்பவே பண்ணிடுங்க."

டாக்டர் ரத்தக்குழாய்ப் படத்தை மறுபடி பார்த்தார். "ஒரு வாரம் தாங்கும். மாத்திரையை மட்டும் விடாதீங்க. வலி வந்தா அந்த நிமிஷமே கூட்டிட்டு வந்துடணும், தேதி கீதியெல்லாம் பார்க்கக் கூடாது." மூன்றாம் தேதி என்று மாற்றி எழுதினார்.

டீச்சர் எதற்காகக் கேட்டார் என்று கமா கேட்கவில்லை. கேட்க அவருக்கு வாயில்லை. அந்த ஒரு வாரம் இருவருக்குமே சரியாகத் தூக்கமில்லை. கமா புரண்டு படுத்தால், பக்கத்திலிருந்து "வலிக்குதா?" என்று உடனே குரல் வரும். அன்றாடத்துக்கு வேண்டிய பேச்சுத் தவிர, டீச்சர் அவரிடம் அப்போது பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

முப்பதாம் தேதி கடிதம் வந்தது. உறையைக் கமா பிரிக்கப் போனார், டீச்சர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டார். முழுக்கப் படித்துவிட்டு, "அரைப் பங்கு, ஒண்ணாம் தேதியிலிருந்துன்னு போட்டிருக்கு" என்று சொல்லிப் பீரோவில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

மூன்றாம் தேதி ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கண் விழித்தபோது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த காப்பீட்டுப் படிவத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கமா விழித்ததைப் பார்த்ததும் படிவத்தை மடியில் கவிழ்த்தார்.

"தண்ணி வேணுமா?"

"மன்னிச்சிட்டியா?" என்றார் கமா, மயக்கம் முழுசாகத் தெளியாத தைரியத்தில்.

டீச்சர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். "இன்னும் இல்ல" என்றார். பிறகு அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது அதெல்லாம் நடந்து நாலு வருஷம். கமா தினமும் காலையில் அரை மணி நடக்கிறார். டீச்சர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மருந்தேற்றிக்கொள்கிறார். பென்ஷன் முன்னைவிடக் குறைவாகத்தான் வருகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மன்னித்தாயிற்றா என்று கமா மறுபடி கேட்கவும் இல்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு நடந்த சங்கக் கூட்டத்துக்கு டீச்சர் தனியாகவே போனார். அங்கே வந்திருந்த மனைவிமார்களிடம், "உங்க வீட்ல என்ன டிக் போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாராம். அதில் இரண்டு பேர் அன்றே வீட்டுக்குப் போய்க் கணவரிடம் படிவத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு இன்னும் நாள் இருந்தது. இன்னொருவருக்குப் பதினெட்டு மாதம் எப்போதோ தாண்டியிருந்தது.