பாத்திரத்தைத் தொடாதவர்

சபையில் யாராவது எழுந்து நின்று "நான் மனந்திரும்பிவிட்டேன்" என்று சாட்சி சொன்னால் எனக்கு அல்லேலூயா வராது. அவர் வாயை முகர்ந்து பார்க்கத்தான் தோன்றும். இது அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து. அப்பா மனந்திரும்பாத வருடமே கிடையாது. புதுவருட ஆராதனையில் முழங்காலில் நின்று அழுவார். இனி அந்தச் சனியனைத் தொடவே மாட்டேன் என்பார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சித்திரை பிறப்பதற்குள் அக்காவும் நானும் வீட்டுக்கு ஏறும் மஹய்யாவப் படிக்கட்டில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருப்போம்.

பாவம் என்பது நாம் செய்த குற்றங்களின் மூட்டை மட்டும் அல்ல, அது மனித சுபாவத்துக்குள் குடியிருந்து ஆளுகை செய்யும் சக்தி என்று எங்கள் போதகர் அடிக்கடி பிரசங்கிப்பார். அந்தப் பகுதிக்கு நான் நன்றாகத் தலையாட்டுவேன். அப்பாவின் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதிலிருந்து விடுதலை உண்டு என்று அவர் தொடரும்போதுதான் என் தலை நின்றுவிடும்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, அத்தான் கொரோனாவில் போனபின் தனியாக இருந்த அக்கா, சபையில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்றாள். கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், மனைவியை இழந்தவர், டவுனில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை. ஒரு காலத்தில் பெரிய குடிகாரராக இருந்ததைச் சாட்சியில் அவரே சொல்லியிருந்தார். ஒரு குடிகாரனைத் தூக்கிச் சுமந்தது போதாதா இவளுக்கு?

அன்றிலிருந்து அவரைக் கண்காணிப்பதே என் ஊழியமாகிவிட்டது. அவர் வாயில் எப்போதும் கராம்பு வாசம். அப்பாவும் நாற்றத்தை மறைக்கக் கராம்புதான் மெல்லுவார். இது போதாதென்று, மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. எங்கள் சபையில் எல்லாரும் வரிசையாக முழங்காலிட்டு முதலில் அப்பம் வாங்குவோம், பிறகு போதகர் திராட்சரசம் உள்ள ஒரே பாத்திரத்தை வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டு வருவார். இவர் அப்பத்தை வாங்கினார். பாத்திரம் பக்கத்தில் வருமுன் எழும்பி, தலையைக் குனிந்தபடி தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பந்தியிலிருந்து பாதியில் எழும்புகிறவனுக்கு எங்கள் சபையில் ஒரே அர்த்தம்தான். அறிக்கையிடாத பாவம் ஏதோ உள்ளே கிடக்கிறது, தகுதியில்லாமல் குடித்தால் தண்டனை வரும் என்று பயப்படுகிறான். எனக்குப் பின்னாலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடியைத்தான் இவர் சொல்லிவிட்டாரே, அப்படியானால் சொல்லாதது என்ன? எங்கேயோ இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிக் கலஹாவுக்குப் போனேன். அவருடைய தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை. பிளேன்டீ குடித்துக்கொண்டே மெல்ல விசாரித்தேன்.

"அவரா? பொஞ்சாதி மவுத்தாகி நாலஞ்சு வருஷம். வேற ஆரும் இல்ல மகள்," என்றார் பெரியவர். "முந்தி இந்த ரோட்டுலதான் விழுந்து கெடப்பாரு. இப்ப வந்தா ஒரு டீயோட போயிருவாரு."

நல்ல செய்திதான். ஆனால் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

கலியாண அறிவிப்பை மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் அதற்குள் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் அறிவிப்பு திருவிருந்து ஞாயிறில் விழுந்தது. அன்றும் அவர் பாத்திரத்துக்கு முன் எழும்பிப் போனார். ஆராதனை முடிந்ததும் நான் நேரே போதகரின் அறைக்குள் நுழைந்தேன். அக்காவும் அவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"எனக்கு ஆட்சேபனை இருக்கு பாஸ்டர். இவரு ஏன் பாத்திரத்துல குடிக்கமாட்டேங்கிறாரு? அதச் சொல்லட்டும், பொறகு கலியாணத்தப் பாப்போம்."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன்.

"நானும் கேக்கணும்னுதான் இருந்தேன் பிரதர்," என்றார் போதகர். "அது கர்த்தருடைய ரத்தம். அதுக்கு ஏன் பயம்?"

"அது கர்த்தருடைய ரத்தம்னு எனக்குத் தெரியும் பாஸ்டர்," என்றார் அவர். "என் நாக்குக்குத் தெரியாதே. அதுக்கு அது வைன் மட்டுந்தான்."

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. திருவிருந்தில் அவர் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் முழங்காலிடுவார். பாத்திரத்தைப் பிடித்தால் விடமாட்டார், அந்த நாளைய போதகர் பலவந்தமாக இழுத்தெடுப்பார். அப்பாவுக்குக் கர்த்தர்மேல் அவ்வளவு தாகம் என்று அம்மா பெருமைப்படுவாள். அந்த ஞாயிறுகளில் அவர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்ததில்லை. இந்த இரண்டையும் இத்தனை வருடம் நான் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

"அப்ப இந்தக் கராம்பு?" என்று கேட்டேன். குரல் முன்போல ஏறவில்லை.

"ஆசை வாற நேரம் ஒண்ணக் கடிப்பேன் சிஸ்டர். நாக்கு எரியும். கொஞ்ச நேரம் தாங்கலாம்."

"திரும்பக் குடிக்கமாட்டீங்கன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"சத்தியம் பண்ணமாட்டேன்," என்றார். "நாளைக்கு நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. கர்த்தர் மன்னிச்சிட்டாரு, அதுல சந்தேகம் இல்ல. எம்மேலதான் சந்தேகம்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இவர முழுசா நம்புறேன். அது போதும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அதுதான் சிஸ்டர் எனக்குப் பயம். செத்துப்போன பொஞ்சாதியும் இப்பிடித்தான் நம்புனா. நான் சொன்ன பொய்யெல்லாம் நம்புனா. உங்க அக்கா ஒரு நாளும் என்னச் சந்தேகப்படமாட்டாங்க. நீங்க படுங்க. வீட்டுக்கு வந்து போங்க, மூஞ்சக் கவனிங்க, கேள்வி கேளுங்க. எனக்குக் கோவம் வந்தாலும் கேளுங்க."

அப்பா எத்தனையோ சத்தியம் செய்தார், ஒன்றையும் நான் நம்பியதில்லை. இந்த மனிதர் ஒரு சத்தியமும் செய்யவில்லை. இதுவும் ஒரு நடிப்பாக இருக்குமோ என்று அப்போதும் உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை நான் அடக்கவில்லை. அவர் கேட்டதே அதைத்தானே.

போதகர் பேனாவை எடுத்தார். "அப்ப ஆட்சேபனை இருக்கா, இல்லையா?"

"இன்னைக்கு இல்ல பாஸ்டர்," என்றேன்.